மருமகள் கைச்சோறு

பெருமுக்கல் பக்கத்தில் சோற்றில் வைத்த மருந்தை வயிற்றிலிருந்து எடுப்பவரின் வீட்டில் அன்று இருந்தவர்கள்: விருத்தாசலம், அவர் மகள் தையல்நாயகி, மகன் தேவா, மருந்து எடுப்பவர், அவர் மனைவி. தேவாவின் மனைவி இசைவாணியும் வந்திருந்தாள். அவளை உள்ளே விடவில்லை. சோற்றில் மருந்து வைத்தவள் எதிரில் இருந்தால் வயிற்றில் இருப்பது வெளியே வராது என்று தையல்நாயகி சொல்லிவிட்டாள். இசைவாணி வெயிலில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்தாள்.

விருத்தாசலம் திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டை தூக்கியவர். எழுபதைத் தாண்டியும் தூக்கினார். கோடையில் அந்த உடம்பு வற்ற ஆரம்பித்தது. தோள் சரிந்தது. தண்ணீர்க் குடத்தை நகர்த்த முடியவில்லை. டீக்கடைக்குப் போகிற வழியிலேயே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. தெருவில் எல்லோரும் வயசு என்றார்கள். முகையூரில் வாழ்க்கைப்பட்ட தையல்நாயகி அதை ஏற்கவில்லை. வீட்டை எழுதி வாங்குவதற்காக மருமகள் மருந்து வைத்து ஆளை அடக்குகிறாள் என்றாள்.

தேவா அதை நம்பவும் இல்லை, விடவும் இல்லை. வேலையை விட்டுவிட்டு வீட்டில் கிடந்தவன் என்பதால் கவனிக்க நேரம் இருந்தது. இசைவாணி கேப்பைக் கூழ் கரைக்கும்போது பின்னால் நின்று பார்த்தான். உப்பு டப்பாவை முகர்ந்தான். நைனாவின் தட்டிலிருந்து முதல் வாய் அவளைச் சாப்பிடச் சொன்னான். சாப்பிட்டாள். மாற்று மருந்தை முன்பே தின்றிருப்பாளோ என்று அதற்கும் ஒரு சந்தேகம் வந்தது.

மருந்து எடுப்பவர் வெறும் வயிற்றில் ஒரு சொம்பு பச்சிலைச் சாற்றைக் குடிக்க வைத்தார். விருத்தாசலம் வாந்தி எடுத்தார். அதில் கையை விட்டு, மயிர் சுற்றிய கறுப்பு உருண்டை ஒன்றை எடுப்பவர் தூக்கிக் காட்டினார். அது அவர் விரலிடுக்கில் முன்பே இருந்ததா என்று தேவா பார்க்கவில்லை. அவனுடைய சந்தேகம் முழுவதும் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தவள் மேல் இருந்தது. தையல்நாயகி கையெடுத்துக் கும்பிட்டாள். விருத்தாசலம் இன்னொரு முறை குமட்டி, பக்கவாட்டில் சாய்ந்தார். உதடு நீலமாக இருந்தது.

மருந்து இறங்குகிறது, அப்படித்தான் இருக்கும் என்றார் எடுப்பவர். சத்தம் கேட்டு உள்ளே வந்த இசைவாணி யாரையும் எதுவும் கேட்கவில்லை. மாமனாரின் அக்குளில் கை கொடுத்து வாசலுக்கு இழுத்தாள். தேவா காலைப் பிடித்துக்கொண்டான்.

திண்டிவனத்தில் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, ஆம்புலன்சில் விழுப்புரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் ஆர்த்தி ஸ்கேன் பார்த்துவிட்டுச் சொன்னார். சில மாதங்களுக்கு முன்பே மாரடைப்பு வந்து போயிருக்கிறது. இவரைப் போல சர்க்கரை இருப்பவர்களுக்கு வலியே இல்லாமலும் வரும். இதயம் பாதி பலத்தில்தான் அடிக்கிறது. உடம்பு ஓய்ந்ததற்கு அதுதான் காரணம். ஓய்ந்து உட்கார்ந்ததால் சதை மேலும் கரைந்து, இதயத்துக்குச் சுமை கூடியிருக்கிறது. கோடையில் எப்போதாவது திடீரென்று வேர்த்து மூச்சு வாங்கியதா என்று கேட்டார். தேவா இல்லை என்றான்.

"சித்திரையில ஒரு நாள் காலைல, மேடம். பனியனப் புழிஞ்சா தண்ணி கொட்டுது. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போலாம்னேன். யாரும் கேக்கல" என்றாள் இசைவாணி.

இவளுக்கு மட்டும் எப்படி இவ்வளவு சரியாக நினைவிருக்கிறது என்றுதான் தேவாவுக்கு முதலில் தோன்றியது.

மாத்திரை, குறைந்த உப்பு, தினம் முட்டை, வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் நடை என்று சொல்லி அனுப்பினார்கள். பச்சிலை, வாந்தி என்று இன்னொரு முறை போனால் உயிர் தங்காது என்றும் டாக்டர் சொன்னார்.

வீடு திரும்பிய அந்த வாரமே தையல்நாயகி வந்தாள். கையில் ஒரு பாட்டில் பச்சைச் சாறு.

"டாக்டரு நெஞ்சுல இருக்கறதப் பாத்தாங்க. வயித்துல இருக்கறத யாரு பாக்கறது? பாதிதான் வந்துக்குதாம் தம்பி. மீதியையும் எடுத்துட்டா நைனா எழுந்து நடந்துடும்."

"இன்னொரு வாட்டி வாந்தி எடுத்தா மாமா தாங்க மாட்டாரு, அண்ணி."

"நீ பேசாத. உனக்குத்தான் உள்ள இருக்கறது வெளிய வந்துடும்னு பயம்."

கட்டிலில் இருந்த விருத்தாசலம் தனக்கு வேண்டாம் என்றார். குரல் பாதியில் நின்றது. உள்ளே இருக்கும் மருந்துதான் அப்படிப் பேச வைக்கிறது என்றாள் மகள். தேவா பாட்டிலை வாங்கி, ஒரு மூடி மட்டும் கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டான்.

இசைவாணி அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கி வாசல்படிக்கு வெளியே வைத்தாள். தையல்நாயகி அதை எடுக்க ஓடினாள்.

"என் உப்பு டப்பாவ மோந்து பாத்தியே, அந்தாளு குடுத்த பாட்டில ஒரு தபா மோந்தியா?"

தேவா, அக்காவைச் சமாதானம் பண்ணி அனுப்பிவிட்டு வருகிறேன் என்று படி இறங்கினான். தெருவில் தையல்நாயகி பாட்டிலை அவனிடம் நீட்டி, அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்துக் கொடுத்துவிடு என்று காதோடு சொன்னாள். அவன் வாங்கிக்கொண்டான். வாசலில் நின்று இசைவாணி அதைப் பார்த்தாள்.

அவன் பாட்டிலோடு படியில் கால் வைத்தபோது கதவு மூடிக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அதன்மேல் பூட்டும் விழுந்தது.