வலது கைப் பழக்கம்

"பிளேன் பறக்க விடற ரிமோட் ஒண்ணு வேணும்" என்று அவள் கேட்டதும் கடைக்காரரின் முகம் சுருங்கியது. அந்தச் சுருக்கம் அவளுக்குப் பழக்கமானதுதான். இருபத்தாறு வருஷமாக அவள் புருஷனும் அப்படித்தான் சுருங்கினான். 'டிவி போடவா வாங்கியிருக்கேன்? டிரான்ஸ்மிட்டர்னு சொல்லு' என்பான். கல்யாணமான புதிதில் அவனைச் சீண்டுவதற்காகவே ரிமோட் என்று சொல்லப்போய், அதுவே அவள் வாயில் ஒட்டிக்கொண்டது.

"யாருக்குக்கா?"

"என் தம்பிக்கு. இப்பதான் புதுசா கத்துக்கறான்."

அவளுக்குத் தம்பியே கிடையாது. பொய் இவ்வளவு லேசாக வருமென்று அவளே நினைக்கவில்லை. இரண்டு பஸ் மாறி ஊரின் அந்தக் கோடியிலிருந்த கடைக்கு வந்ததும் இதற்காகத்தான். வீட்டுக்குப் பக்கத்துக் கடை என்றால் புருஷனைத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். எப்படி இருக்கிறார் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வீட்டு வாசலுக்கே வரக் கூடாது என்பது அவன் உத்தரவு.

அவன் லிப்ட் மெக்கானிக். ஐந்து மாதங்களுக்கு முன்னால், எங்கோ ஒன்பதாவது மாடியில் வேலையாக இருந்தபோது பக்கவாதம் வந்தது. இடது கை போயிற்று. நாக்கு பாதி போயிற்று. சொல்ல வேண்டியது அவனுக்குத் தெரியும், அது உதட்டுக்கு வந்து சேருவதற்குள் கேட்டவர் வேறு பேச்சுக்குப் போயிருப்பார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், கூட ரிமோட் விமானம் பறக்கவிடுகிறவர்கள் ஆப்பிளும் கையுமாகப் பார்க்க வந்தார்கள். ஆறு விமானங்களையும் இரண்டு டிரான்ஸ்மிட்டர்களையும் அவர்கள் தலையில் கட்டி அனுப்பிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவன்தான். பால்கனிக்குக்கூட வருவதில்லை. அவள் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் எட்டு மணி நேரம் படுக்கை விரிப்பு மடித்துவிட்டு வந்தால், காலையில் விட்ட அதே நாற்காலி, அதே சுவர். ஒருநாள் வந்து பார்க்கும்போது நாற்காலி மட்டும்தான் இருக்கும் என்று அவளுக்குப் பயம்.

வலது கைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் அடித்துச் சொன்னார். அதைத்தான் அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். 'உயிர் வலது கைல இருக்கணும்' என்று பறக்கவிடும்போது அவனே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான்.

"ஒத்தைக் கையால பறக்க விட முடியுமா?" என்று கேட்டாள்.

கடைக்காரர் நிமிர்ந்தார். "தம்பிக்கு..."

"இடது கை சரியில்ல."

அதற்குப் பிறகு அவர் வேறு ஆளாகிவிட்டார். விலை உயர்ந்த பெட்டிகளை ஒதுக்கிவிட்டு, ஆரம்பக்காரர்களுக்கான ஒன்றை எடுத்து வைத்தார். கூடவே ஒரு நுரை விமானம். அடிவயிறு முழுக்க ஆரஞ்சு நிறம். இறக்கைக்குப் பின்னால்தான் பிரொப்பல்லர்.

"மூக்கால குத்தினாலும் பிரொப்பல்லர் தப்பிச்சுக்கும். இது மோடு ரெண்டு. மூக்கைத் தூக்கறது, இறக்கறது, சாய்க்கறது எல்லாம் வலது ஸ்டிக். கீழ இழுத்தா மூக்கு ஏறும், மேல தள்ளினா இறங்கும். இடது ஸ்டிக்குக்கு முக்கியமா மோட்டார் வேலைதான். அது விட்ட இடத்துல நிக்கும். பக்கத்துல ஒருத்தர் நின்னு கூட்டிக் குறைச்சாப் போதும்."

"நான் நின்னுக்கறேன். கழுத்துல மாட்ட வார் இருக்கா?"

"இருக்கு." அவர் குனிந்து இழுப்பறையைத் துழாவினார். "நல்ல வேளை, புது ஆள். மோடு ஒண்ணுல பழகினவங்களுக்கு இதைத் தரவே மாட்டேன். அவங்களுக்கு மோட்டார் வலது கைல. அவசரத்துல கை பழைய வேலையைப் பாத்துடும்."

அவள் வாரின் கொக்கியை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்னது காதில் விழுந்தது, மனதில் விழவில்லை.

இரண்டு நாள் பெட்டி மேஜை மேலேயே கிடந்தது. மூன்றாம் நாள் அவள் வேலை முடிந்து வந்தபோது பெட்டி பிரிந்திருந்தது. இறக்கைகள் மாட்டியிருந்தன. ஒரு கையாலும் பல்லாலும் எப்படித்தான் செய்தானோ, மேஜை விளிம்பில் பல் பட்ட தடம்கூட இருந்தது.

"யா...ருக்குன்னு சொன்ன?"

"என் தம்பிக்குன்னு."

"எந்...தத் தம்பி?"

"இன்னும் பொறக்கல."

பாதி வாயால் சிரித்தான். ஐந்து மாதத்தில் முதல் சிரிப்பு. அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அந்த வாரம் முழுக்கக் கூடத்தில் ஒத்திகை. ஸ்டிக்கை அசைத்தால் மேஜை மேலிருந்த விமானத்தின் வால் தகடு ஏறி இறங்கியது. சில சமயம் தகடு கீழே போனதும் அவன் உஷ்ணமாக மூச்சுவிட்டு, கட்டைவிரலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் வைப்பான். ஏதோ சரி பார்க்கிறான் என்று அவள் நினைத்தாள். இருவருக்கும் பொதுவாக இரண்டே சொற்கள். அவன் 'கூட்டு' என்றால் அவள் இடது ஸ்டிக்கை மேலே தள்ள வேண்டும், 'குறை' என்றால் இறக்க வேண்டும். சொல்லாமல் தொட்டால் முறைப்பான். அந்தக் கோபமும் திரும்பி வந்ததே என்று அவளுக்குச் சந்தோஷம்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகக் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்துக்குப் போனார்கள். ஒரு ஈ காக்காய் இல்லை. டிரான்ஸ்மிட்டரை அவன் கழுத்தில் மாட்டிவிட்டு இடப்பக்கம் ஒட்டி நின்றாள். அவனுடைய செத்த கை அவள் இடுப்பில் இடித்தது.

"கூ...ட்டு."

இடது கட்டைவிரலால் தள்ளினாள். வலது கையால் விமானத்தை வீசினாள். அது எழுந்தது.

அவள் விமானத்தைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைத்தான் பார்த்தாள். தொங்கிக் கிடந்த கன்னம்கூட மேலே ஏறியது போல் இருந்தது. ஒரு வட்டம், இரண்டாவது வட்டம். "குறை" என்றான், அவள் குறைத்தாள். வாயில் எச்சில் வழிவதைத் துடைக்கவும் தோன்றாமல் நின்றான். போதும், இந்த ஒரு காலை போதும் என்று நினைத்தாள். நான்கு நிமிஷம் இருக்கும்.

மூன்றாவது வட்டம் முடிந்து அது அவர்களை நோக்கித் தாழ்வாக வந்தது. எதிர்க்காற்று. வேகம் செத்து, இறக்கை தள்ளாடியது. அவன் பார்த்துவிட்டான். வாய் திறந்தது. உதடுகள் குவிந்தன. சொல் வரவில்லை.

அவள் கட்டைவிரலை ஸ்டிக்கில் வைத்தபடி அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தாள்.

அவன் வலது கட்டைவிரல் காத்திருக்கவில்லை. முப்பது வருஷமாக ஆபத்து வந்தபோதெல்லாம் என்ன செய்ததோ அதையே செய்தது. மோட்டாரைக் கூட்ட, ஸ்டிக்கை ஒரே தள்ளாக மேலே தள்ளியது. விமானம் மூக்கைத் தரையைப் பார்க்கத் திருப்பிக்கொண்டு செங்குத்தாக இறங்கியது. அட்டைப் பெட்டியை மிதித்தது போல ஒரு சத்தம், அவ்வளவுதான்.

கடைக்காரர் சொன்னது இப்போதுதான் அவள் மனதில் விழுந்தது. நல்ல வேளை, புது ஆள். அவன் 'உயிர்' என்றது மோட்டாரைத்தான். இல்லாத ஒரு தம்பியைச் சொல்லி, இருந்த ஒரே கையையும் அவனுக்கு எதிராகத் திருப்பிவிட்டாள். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த மனிதர் இதைக் கொடுத்தே இருக்க மாட்டார்.

அவன் இன்னும் தள்ளிக்கொண்டே இருந்தான். நகம் வெளுத்திருந்தது.

"என்னங்க, விழுந்துடுச்சுங்க. விடுங்க."

அவன் விடவில்லை. அவன் வாய் இன்னும் அந்தச் சொல்லோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கடைசியில் வந்தது.

"கூ...ட்டு."

அவளுக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. இடது ஸ்டிக்கை மெல்ல மேலே தள்ளினாள். மைதானத்தின் நடுவே, உடைந்த மூக்கு மண்ணில் புதைந்திருக்க, பின்னால் பிரொப்பல்லர் சுற்ற ஆரம்பித்தது. அவன் "குறை" என்று சொல்லும்வரை அவள் கையை எடுக்கவில்லை.