இரண்டாம் குரலில் நின்றவள்

ஆம்பூரில் பாலாற்றை ஒட்டிய பேட்டையில் ஒரு சிறிய மிஷன் கோயில் இருந்தது. அங்கே நாலு குரலில் பாடும் பாடகர் குழுவை உண்டாக்கியவர் மாசிலாமணி வாத்தியார். மிஷன் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே பதினெட்டு வருஷம் அந்தக் குழுவுக்காகப் பாடுபட்டார். ஒவ்வொரு நாளும் விடிவதற்கு முன் ஒரு மணி நேரம் முழங்காலில் நிற்பார். ஆண்டவருடைய சமுகத்தை, அவர் அருகில் இருப்பதை, ஒருதரமாவது உணர வேண்டும் என்பது அவருடைய ஆசை. பதினெட்டு வருஷத்தில் முழங்கால் காய்த்துப்போனதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

குழுவில் இரண்டாம் குரல் பாடியவள் சௌந்தரம். முப்பது வயது விதவை. தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்த தோலில் மயிர் சுரண்டும் வேலை. எழுத்து தெரியாது, எல்லாப் பாட்டும் காதால் கேட்டுப் படித்தது. மற்ற குரல்கள் தடுமாறும்போது அவளுடைய தாழ்ந்த குரல்தான் அவற்றைப் பிடித்து நிறுத்தும்.

பாட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் மௌன ஜெபம் உண்டு. எல்லோரும் இருமுவார்கள், புடவையை இழுத்துவிடுவார்கள். சௌந்தரம் மட்டும் கண்ணை மூடினால் அப்படியே இருப்பாள். அவள் முகத்தில் அப்போது ஏதோ ஒரு சாந்தம் வரும். பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, காய்ச்சல் கண்ட பிள்ளைகளை அவளிடம் தூக்கிவர ஆரம்பித்தார்கள். "அந்த அம்மாள் யார்?" என்று வெள்ளைக்காரப் பாதிரியாரே ஒருநாள் விசாரித்தார். மாசிலாமணி அவள் பேரை மட்டும் சொன்னார். எனக்குக் கொடுக்காததை ஆண்டவர் இந்தத் தோல் சுரண்டுகிறவளுக்கா கொடுத்தார்? எல்லாம் வேஷம், ஒரு குத்தில் கலைந்துவிடும் என்று அவர் முடிவு செய்தார்.

அது 1927ஆம் வருஷத்துப் பெரிய வெள்ளி. மௌன ஜெபத்தின்போது மாசிலாமணி தான் வாசிக்கும் ஆர்மோனியத்தை விட்டு எழுந்து, மெதுவாகப் பாடகர்களுக்குப் பின்னால் போனார். பாட்டுப் புத்தகங்களுக்கு அட்டை தைக்கும் கோணி ஊசி கையில் இருந்தது. சௌந்தரம் முழங்காலில் இருந்தாள். உள்ளங்கால்கள் இரண்டும் மேலே பார்த்தபடி இருந்தன. குனிந்து, இடது காலில் ஊசியைப் பாதி வரை இறக்கி உருவினார்.

அவள் அசையவில்லை. முகம்கூடச் சுளிக்கவில்லை. பிறகு எழுந்து நின்று கடைசி அடிவரை பாடினாள்.

பாட்டு முடிந்தபோது தரையில் ரத்தம் கிடந்தது. முன்வரிசைக் கிழவி ஒருத்தி, "ஐயோ, ஆண்டவரோட ஆணிக் காயம்!" என்று கத்தினாள். நிமிஷத்தில் கூட்டம் சூழ்ந்துகொண்டது. சிலர் அந்த ரத்தத்தை முந்தானையில் ஒற்றி எடுத்தார்கள்.

மறுநாள் மாசிலாமணி அவள் குடிசைக்குப் போனார்.

"வலிக்கலையா உனக்கு?"

"வலிக்காம இருக்குமா வாத்தியாரே? உயிரே போய்டுச்சி. நீங்கதான் குத்தினீங்கன்னும் தெரியும். கத்தினா பாட்டு கெட்டுடும்னு பல்லைக் கடிச்சிக்கினு இருந்தேன்."

"அப்ப அந்த மௌனத்துல நீ இன்னாதான் பாக்கறே?"

"இன்னாத்தப் பாக்கறது? நாள் பூரா தொட்டியாண்ட நின்னுட்டு வர்றேன். கண்ணை மூடினா யாரும் எதுவும் கேக்கறதில்ல. சும்மா இருப்பேன். மனசு ரொம்பிப் போகும்."

சும்மா இருப்பவளுக்கா அது கிடைத்தது! அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேராகப் பாதிரியாரிடம் போய், சபையில் பொய் அற்புதம் பரவுகிறது, அவளையே விசாரிக்க வேண்டும் என்று சொன்னார். அவள் தன் பேரைச் சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

ஈஸ்டர் ஆராதனை முடிந்ததும் அவளைச் சபைக்கு முன் நிறுத்தினார்கள்.

"இந்தக் காயம் எப்படி வந்தது?" என்று பாதிரியார் கேட்டார்.

"சாமி குடுத்தது இல்லீங்க. ஊசியால குத்தினது."

"யார் குத்தினது?"

"வாத்தியாரு."

வாத்தியார்மேலேயே பழி போடுகிறாளா என்று கோயிலே கொதித்தது. முந்தானையில் ரத்தம் ஒற்றியவர்கள்தான் முதலில் அவள்மேல் காறித் துப்பினார்கள். பெரிய வெள்ளியன்று குழுவில் சௌந்தரத்துக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தவள் செண்பகம். ஊசி இறங்கியதைக் கண்ணால் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அவளுடைய இரண்டு பெண்களும் மாசிலாமணியின் தயவில் மிஷன் விடுதியில் தங்கிப் படித்தார்கள். பாதிரியார், "யாராவது பார்த்தீர்களா?" என்று கேட்டபோது செண்பகம் தலையைக் குனிந்துகொண்டாள்.

மாசிலாமணி எழுந்தார். "நான் இவளை மன்னிக்கிறேன். சபையும் மன்னிக்கட்டும்" என்றார். பல பெண்கள் அழுதார்கள். நாற்பது நாள் அவள் கோயில் வாசற்படிக்கு வெளியே முழங்காலில் இருக்க வேண்டும் என்று தீர்ப்பானது. அவர் ஆர்மோனியத்தில் உட்கார்ந்து, மனந்திரும்புதலின் பாட்டை ஆரம்பித்தார். அவள் நொண்டிக்கொண்டு வெளியே போகும்வரை குழு அதைப் பாடியது.

வேலைக்குப் போகாவிட்டால் சோறில்லை. புண்ணோடு சுண்ணாம்புத் தண்ணீரில் நின்றாள். மூன்றாம் வாரம் கால் கறுத்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

செண்பகம் அவளைப் பார்க்கப் போனாள். கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நான் பாத்தேன். அவர் குத்தினதைப் பாத்தேன்" என்று அழுதாள்.

சௌந்தரம் அவளைக் கட்டிலில் உட்காரவைத்தாள். "காலு போனா போய்ட்டுப் போவுது, செண்பகம். இப்ப கண்ணை மூடினா பின்னால யாரோ நிக்கற மாதிரி இருக்குது. ஒரு நிமிஷம் சும்மா இருக்க முடியல. வாத்தியாரு அதையும் எடுத்துக்கினாரு" என்றாள்.

"இன்னிக்கே போய்ப் பாதிரியார்கிட்ட சொல்றேன் அக்கா. சத்தியமா சொல்றேன்."

"சொல்லு" என்றாள் சௌந்தரம். அவள் குரலில் நம்பிக்கை இருந்தது.

சாயந்தரம் ஆம்பூரில் ரயிலை விட்டு இறங்கிய செண்பகம் நேரே கோயிலுக்குப் போனாள். பாதிரியார் முன்வரிசையில் உட்கார்ந்து பாட்டுப் பயிற்சியைக் கேட்டுக்கொண்டிருந்தார். மாசிலாமணி அவளைப் பார்த்ததும் ஆர்மோனியத்தை நிறுத்தினார்.

"வா செண்பகம். இனிமே இரண்டாம் குரல் நீதான் எடுக்கணும். உன் பெரியவ பரீட்சைல பாஸ் ஆய்ட்டா, தெரியுமா? டீச்சர் டிரெய்னிங்குக்கு எழுதிப் போட்டிருக்கேன்."

அவள் பாதிரியாரைப் பார்த்தாள். அவர் அன்போடு சிரித்தார். அவள் போய்ச் சௌந்தரம் நிற்கும் இடத்தில் நின்றாள். முதல் வரியில் அவள் குரல் நடுங்கியது. இரண்டாம் வரியில் சரியாகிவிட்டது.