முயல் ஈரல்

எங்கள் வீட்டில் முயல் சமைத்தால் ஈரல் சின்னப் பிள்ளைக்குத்தான். மிளகும் உப்பும் தடவித் தோசைக்கல்லில் சுட்டு ஊட்டினால் ரத்தம் ஊறும் என்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் என் ஆறு வயது மகள் சுந்தரிக்கு அப்படித்தான் ஊட்டினேன். இன்னொரு துண்டு கேட்டாள். அதையும் கொடுத்தேன்.

முயலைக் கொண்டுவந்தவர் என் கணவரின் அண்ணன் மகாராஜன். ராயகிரியில் விவசாயம். "வலையில மாட்டுச்சு தாயி" என்று மஞ்சள் பையைச் சமையலறையில் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். பண்ணை முயல் என்றால் கறி கோழி மாதிரி வெளுத்திருக்கும். இது கருஞ்சிவப்பு, காட்டு முயலேதான். கழுத்தில் கயிற்றுத் தடம் இல்லை, நாய்க்கடியும் இல்லை. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டும் மஞ்சள் தடவினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

என் கணவர் செல்வக்குமார் வனத்துறையில் வேட்டைத் தடுப்புக் காவலர். பதினொரு வருடமாகத் தற்காலிகம். முயல் அடிக்கிறவனைப் பிடித்துக் கொடுக்கிற ஆள் வீட்டில் முயல் குழம்பு. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டுத்தான் தாளித்தேன்.

குழம்பு கொதிக்கும்போது கொல்லையில் ஏதோ சத்தம் கேட்டது. நான் குடலை வீசிய இடத்தில் தெருநாய் விழுந்து கிடந்தது. வாயில் நுரை. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. உள்ளே ஓடினேன். சுந்தரி டிவி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மகாராஜனுக்குப் போன் போட்டேன். "அத்தான், சத்தியமாச் சொல்லுங்க. வலையிலயா பிடிச்சிய?"

"மக்காச்சோளக் காட்டுல கெடந்துச்சு தாயி. உடம்பு சூடா இருந்துச்சேன்னுதான் எடுத்தேன். பக்கத்துக் காட்டுக்காரன் பன்னிக்கு மருந்து வச்சிருந்தானாம். இப்பத்தான் கேள்விப்பட்டேன்."

டூட்டிக்குக் கிளம்பிப் பக்கத்தில் நின்ற என் கணவருக்கு முகம் வெளிறிவிட்டது. "பிள்ள நல்லாத்தான இருக்கா. கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்ட்டி. வெளிய தெரிஞ்சா வேலையும் போச்சு, ஜெயிலுந்தான்."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அதே பயம்தான். ஆனால் கொல்லையில் நாய் இழுப்பதை நிறுத்தியிருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

பைக்கில் அவளை நடுவில் வைத்துப் போனோம். ரயில்வே கேட் அடைத்திருந்தது. அங்கே நிற்கும்போது என் கையில் ஈரம் பட்டது. சுந்தரியின் வாயிலிருந்து எச்சில் வடிந்தது. "அம்மா, வயிறு வலிக்கு" என்றாள். இவர் திரும்பாமலே, "கோழி ஈரல்னு சொல்லு, என்னா" என்றார்.

"என்ன சாப்பிட்டா?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்.

"கோழி" என்றார் இவர்.

டாக்டர் எழுத ஆரம்பித்தார். இவர் என்னைப் பார்த்த பார்வை கும்பிடுகிற மாதிரி இருந்தது.

"காட்டு முயலு டாக்டர். விசம் தின்ன முயலு. ஒண்ணரை மணிக்கு ரெண்டு துண்டு ஈரல். நாந்தான் ஊட்டினேன்."

டாக்டரின் பேனா நின்றது. டூட்டிக்காக இவர் போட்டிருந்த காக்கிச் சட்டையை ஒருமுறை பார்த்தார். "என்ன விஷம்னு உடனே தெரியணும்."

இவர்தான் போனை எடுத்தார். அழுதுகொண்டே கத்தினார். "அண்ணே, அது என்ன மருந்துன்னு கேட்டுச் சொல்லு. போலீசு வந்தா வரட்டும்!"

மறுநாள் காலை பிள்ளை கண் விழித்தாள். வெளியே பெஞ்சில் இவர் போலீஸ்காரர் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கஞ்சி கொடுக்கலாம் என்றார்கள். ஆற்றிக் கரண்டியில் எடுத்து நீட்டினேன். என்னவென்று கேட்காமலே சுந்தரி வாயைத் திறந்தாள். என் கை அப்படியே நின்றுவிட்டது.

முதல் கரண்டியை நான் குடித்தேன். கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை அவளுக்குக் கொடுத்தேன்.