இசக்கி வீட்டு ரேஸ் கார்

இசக்கி வீட்டுக்குள் கட்டிய ரேஸ் கார் பெட்ரோலில் ஓடவில்லை. யாராவது அதன்மேல் கை வைத்தபடி, பக்கத்தில் நிற்பவரை மனதார வெறுத்தால் ஓடியது. தாராவியின் அந்தச் சந்துக்காரர்கள் இதற்காக வாயைப் பிளக்கவில்லை. தினமும் வீணாகப் போகிற வயிற்றெரிச்சல் ஒரு காரியத்துக்காவது உதவுகிறதே என்று பேசிக்கொண்டார்கள்.

கட்டியவர்கள் மூன்று பேர். வெல்டிங் வேலை பார்க்கும் இசக்கி, செம்பூரில் ஒரு கேரேஜில் மெக்கானிக்காக இருந்த மாரிக்கண்ணன், தோல் பை தைக்கும் ஷாகிர். கல்யாணுக்கு அப்பால் ஒரு பழைய கல்குவாரியில் மாதத்தில் ஒரு ஞாயிறு கார் பந்தயம் நடக்கும். வெளியே பார்த்தால் கம்பெனியில் இருந்து வந்த வண்டியாகவே இருக்க வேண்டும், உள்ளே என்ன வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்பது அங்கே விதி. அதில் ஸ்டியரிங்கைப் பிடித்து ஒரு முறையாவது முதலில் வந்துவிட வேண்டும் என்பது இசக்கியின் வெறி. பங்கார் என்கிற பழைய இரும்புக் கடையில் கிடந்த கார் ஒன்றை மூவருமாக வாங்கினார்கள். அந்தச் சந்தில் எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அதனால் காரைத் துண்டு துண்டாக அறுத்துத் தலையில் சுமந்து வந்து, வீட்டுக்குள் வைத்து ஒட்டினார்கள். முழுசாக ஒட்டிய பிறகு அது எப்படி வெளியே போகும் என்று ஒருவன்கூட யோசிக்கவில்லை. மூன்று பேருக்கும் மூளை இருந்தது, அந்த நேரத்தில் யாரும் அதைத் தொந்தரவு செய்யவில்லை, அவ்வளவுதான்.

இசக்கியின் மனைவி ஷாலினி முலுண்டில் வீட்டுக்குள்ளேயே குழாய் இருக்கும் ஃபிளாட்டில் வளர்ந்தவள். பிளவுஸ் தைத்துக் கொடுப்பாள். காருக்கு இடம் வேண்டும் என்று அவளையும் அடுப்பையும் இரும்பு ஏணி வழியாக மாடி அறைக்கு ஏற்றிவிட்டார்கள். தண்ணீர் டிரம்மை வாசலில் தள்ளியதில், எதிர்வீட்டு ஹபீபா காலையும் மாலையும் அவளோடு மல்லுக்கு நின்றாள். சீட்டைத் தாங்க இரும்பு போதவில்லை என்று தையல் மெஷினின் காலையே அறுத்து வெல்டு வைத்தான் இசக்கி. அவள் ஒன்றும் சொல்லவில்லை. காரைத் தொடாமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்தாள். உனக்கு நல்ல பெண்டாட்டி வாய்த்தாள் என்று மாரிக்கண்ணன் பாராட்டினான். இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று.

என்ஜின் முதலில் உயிர் பெற்றது ஒரு வாய்த்தகராறில். "எலே, ஒனக்கு ஒரு நட்டு முறுக்கத் தெரியுமா? கேரேஜ்ல ஒன்ன டயர் கழுவத்தான வச்சிருக்காவ?" என்றான் இசக்கி, பானட்டில் கையை ஊன்றிக்கொண்டு. டேங்கில் ஒரு சொட்டுப் பெட்ரோல் கிடையாது. வண்டி உறுமியது. விஷயம் புரிந்ததும் மூவரும் மாறி மாறிப் பொய்யாகத் திட்டிப் பார்த்தார்கள். நடிப்புக்கு அது மசியவில்லை. உள்ளே கிடந்ததைத் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. "நீ எங்கள ஒருநாளும் கூட்டாளியா நெனச்சதில்ல. கூலிக்காரனாத்தாம்ல வச்சிருந்த" என்றான் ஷாகிர். அன்று செங்கல்மேல் தூக்கி நிறுத்தியிருந்த சக்கரங்கள் சுழன்ற வேகத்தில் சுவரின் சுண்ணாம்பு உதிர்ந்தது. வேகம் ஏற ஏற மூவருக்கும் குஷி, ஆனால் சொன்ன சொல்லை யாராலும் திரும்ப எடுக்க முடியவில்லை. சிறுவயது முதல் ஒன்றாகச் சுற்றியவர்கள், ஒரே மழைக்காலத்துக்குள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்கள் ஆனார்கள்.

பந்தய நாள் காலையில் இரண்டு பேரும் வரவில்லை. போனில் மாரிக்கண்ணன், "சல் ஹட், போல அங்கிட்டு, ஒன் வண்டிய நீயே தள்ளிட்டுப் போ" என்று வைத்துவிட்டான். இசக்கி கார்மேல் கையை வைத்துத் தன்னைத்தானே திட்டிப் பார்த்தான். தன்மேல் அவனுக்கு வெறுப்பே இல்லாததால் கார் கேட்கவில்லை. கடைசியில் மேலே பார்த்து, "ஏட்டி, இறங்கி வந்து இதுமேல கைய வச்சு என்னைய ரெண்டு வார்த்தை ஏசு" என்றான்.

ஷாலினி தட்டோடு இறங்கி வந்தாள். ஏணியின் கடைசிப் படி வழுக்கும் என்பதால் காரின் கூரையில் கையை ஊன்றிக்கொண்டாள். "ஏசறதுக்கு என்ன இருக்கு? இட்லி ஆறுது, சாப்பிடுங்க" என்றாள்.

வண்டி கிளம்பியது. புகை இல்லை, நடுக்கம் இல்லை. வேகம் காட்டும் முள் கடைசி எண்ணைத் தொட்டு அங்கேயே நின்றது. இசக்கி அவள் முகத்தைப் பார்த்தான். அதில் கோபத்தின் சாயல்கூட இல்லை.

"எப்ப இருந்து?" என்றான்.

"மெஷின் காலை அறுக்கறதுக்கு முன்னாடியே" என்றாள் அவள். தட்டை அவன் கையில் கொடுத்துவிட்டு ஸ்டியரிங் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"ஒனக்கு ஓட்டத் தெரியுமா?"

"ரெண்டு வருஷமா என் காலுக்குக் கீழ கிளட்ச், கியர்னு இதைத்தானே கத்திக்கிட்டு இருந்தீங்க?"

அவன் இரண்டடி விலகினான், என்ஜின் தணிந்தது. நெருங்கினான், மறுபடி சீறியது. அவள் மறுபக்கக் கதவைத் திறந்துவிட்டாள். அங்கே சீட் கிடையாது. பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். வாசல் தகரத்தைக் கழற்றியதும் கார் சந்துக்குள் இறங்கியது. ஆத்திரத்தோடு வருகிற பெண்ணுக்கு ஒதுங்குவதைப் போல இரண்டு பக்கத்துச் சுவர்களும் பின்னால் நகர்ந்துகொண்டன. ஹபீபா டிரம்மை உள்ளே இழுத்துக்கொண்டு, அன்று மட்டும் வாயைத் திறக்காமல் கதவைச் சாத்தினாள்.

கார் முதலில் வந்தது. அடுத்த மாதமும் வந்தது. அதன் பிறகு இதையெல்லாம் யாரும் செய்தியாகச் சொல்வதில்லை. ஷாகிரும் மாரிக்கண்ணனும் தனித்தனியாக வந்து வேலியோரம் நின்று, டப்பாமேல் உட்கார்ந்திருக்கும் இசக்கியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஸ்டியரிங்கை அவன் ஒருநாளும் தொட்டதில்லை. பந்தய ஞாயிறுகளில் அவளே அவனை எழுப்பி, வெந்நீர் வைத்துக் கொடுத்து, வயிறு நிறையச் சாப்பாடு போட்டு அழைத்துப் போனாள்.

போன ஆடியில் அவனுக்கு டெங்கு. ஒரு மாதமாவது எழுந்திருக்கக் கூடாது என்றார் டாக்டர். ஞாயிறு காலையில் ஷாலினி அவனைப் போர்வையோடு தூக்கி வந்து, டப்பாமேல் சாய்த்து, விழாமல் இருக்கத் தன் துப்பட்டாவால் கட்டினாள். நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலைப் பார்த்தாள். மற்றொரு கையை ஸ்டியரிங்கில் வைத்ததும் கார் கிளம்பிவிட்டது. அன்றும் முதலிடம்தான்.