நல்ல தண்ணி வால்வு

விடிவதற்குள் சாயப்பட்டறையில் தொட்டிகள் கொதிக்கத் தொடங்கிவிட்டன. நனைந்த துணி பிணக் கனம் கனக்கும். இரண்டு பேர் முனைக்கு ஒருவராய்ப் பிடித்து இழுத்தால்தான் தொட்டியை விட்டு வரும். ஆவியில் முகம் தெரியாது. இருமலை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டார்கள். பிழிந்த சிவப்புத் தண்ணீர் கால் நகங்களுக்குள் புகுந்து, பின்பக்க வாய்க்கால் வழியே ஆற்றுக்குப் போனது.

குழாய்களெல்லாம் வால்வுக்காரன் பொறுப்பு. நகராட்சி அதிகாரி சோதனைக்கு வருவதென்றால் முன்கூட்டியே முதலாளிக்குப் போன் வந்துவிடும். “மாப்பிள்ளை வர்றாரு!” என்று குரல் பறக்கும். தொட்டிகளை நிறுத்துவார்கள், துவைப்புக்கார அக்கா வாய்க்காலைத் தேய்த்துக் கூட்டுவாள், இவன் நல்ல தண்ணீர் வால்வைத் திறந்துவிடுவான். அதிகாரி பாட்டிலை முக்கும்போது தண்ணீர் கண்ணாடியாய் ஓடும். அன்றைக்குத் தொழிலாளிகளுக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்காது. அதையும் சொல்லிச் சிரிப்பார்கள். அவனும் சிரித்தவன்தான், போன சோதனை வரைக்கும்.

போன முறை புகார் கொடுத்தவள் அவனுடைய தங்கை. ஆற்றோரம் அவள் வீடு. அவள் கிணற்றில் என்ன நிறமோ, பட்டறையில் அன்றைக்கு அந்தச் சாயம். அதிகாரி பட்டறை வாய்க்காலில் முக்கிய பாட்டிலை அவள் வாசலிலேயே தூக்கிப் பிடித்து, “இதையாம்மா சாயத்தண்ணின்னே?” என்றார். தெரு சிரித்தது. ‘பொய்க்காரி’ என்ற பெயர் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. வால்வில் யார் கை இருந்தது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? அவள் கேட்கவில்லை. அவன் போனால், “சாப்டியாண்ணே?” என்று மட்டும் கேட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்குச் சோறு இறங்கியிருக்கும்.

ஆனால் அவள் விடவில்லை. மேலே எழுதினாள். அவளைப்போல எத்தனை ஊரில் எத்தனை பேர் எழுதினார்களோ, சோதனைபோடும் அதிகாரத்தை நகராட்சிகளிடமிருந்து பிடுங்கி தேசிய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே எடுத்துக்கொண்டது. பட்டறையில் யாரும் அதை நம்பவில்லை.

அன்று போன் வரவில்லை. வண்டிதான் வந்தது.

முதலாளி வேட்டி தடுக்க ஓடிவந்தார். “டேய், நல்ல தண்ணியத் திறடா! கேட்ல நான் பேச்சுக் கொடுக்கறேன்.”

“சுத்திகரிப்பு மிஷின் சும்மாதானே கெடக்கு முதலாளி, அதை ஓட்டியிருந்தா...”

“கரண்டு பில்லை ஒங்கப்பனா கட்டுவான்? இவனுங்க நம்ம நகராட்சி ஆளுங்க இல்ல. பூட்டிட்டுப் போயிடுவானுங்க. புள்ளகுட்டிக்காரன், தெருவுல நிப்பே!”

அது பொய்யில்லை. அதனால்தான் அவன் கை வால்வுச் சக்கரத்துக்குப் போனது. முதலாளி கேட்டுக்கு ஓடினார்.

துவைப்புக்கார அக்கா துடைப்பத்தோடு நின்றாள். “மாப்பிள்ளை சொல்லாமலே வந்துட்டாரு. பொண்ணுக்கு இன்னும் பவுடர் பூசலியா?”

ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் கையை எடுத்தான்.

“என்னால முடியாதுக்கா. ஆனா பட்டறைய மூடிட்டா?”

“மூடினா ஒண்ணா ஒக்காருவோம். இத்தன நாளும் தனித்தனியாத்தானே பயந்தோம்?” அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

வாரியத்து அதிகாரியம்மா வாய்க்காலில் முக்கியெடுத்த பாட்டில் சிவப்பாக வந்தது. “நகராட்சி எடுத்ததெல்லாம் தெளிவா இருந்திருக்கே. எப்படி?”

“இன்னிக்கு ஏதோ இவனுங்க கவனக்கொறவு மேடம்,” என்றார் முதலாளி.

“இல்லம்மா.” வால்வுக்காரன் முன்னால் வந்தான். “அன்னிக்கெல்லாம் நல்ல தண்ணியத் திறந்துவிட்டேன். நான்தான்.”

“வாய்க்காலைத் தேச்சுக் கூட்டினது நான்,” என்றாள் அக்கா.

“தொட்டிய நிறுத்தினது நாங்க.” ஆவிக்குள்ளிருந்து குரல் வந்தது, பின்னாலேயே இருமல்.

“நன்றிகெட்ட நாய்ங்களா!” முதலாளி கத்தினார்.

வால்வுக்காரன் அதிகாரியையே பார்த்தான். “குழாயப் பூட்டுங்கம்மா. எங்க அடுப்பப் பூட்டிடாதீங்க. மிஷின் ஓடற வரைக்கும் கூலி தரச் சொல்லுங்க.”

“கூலி எங்க அதிகாரத்துல இல்லப்பா.” அந்த அம்மாள் குரல் தாழ்ந்தது.

“அப்ப அது எங்க அதிகாரம்,” என்றாள் அக்கா. “நாளைக்குக் காலைல வழக்கம்போல வருவோம். கேட் பூட்டியிருந்தா, கேட்ல ஒக்காருவோம்.”

கழிவுக் குழாய்க்கு அரக்கு முத்திரை வைத்தார்கள். தொட்டிகள் ஆறின. மற்றவர்கள் கேட்டைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினார்கள். வால்வுக்காரன் ஆற்றோரத் தெருப் பக்கம் நடந்தான்.

“வீடு அந்தப் பக்கமாடா?”

“தங்கச்சி வீட்டுக்குக்கா. அவளப் பொய்க்காரின்னு சிரிச்ச தெரு. பொய் யாருதுன்னு அங்கயே நின்னு சொல்லணும்.”

அக்கா மற்றவர்களைப் பார்த்தாள். “அவன் ஒருத்தன் பொய்யா அது?”

எல்லோரும் திரும்பினார்கள்; சாயம் காயாத கால்கள் அந்தத் தெருவை நோக்கி நடந்தன.