சின்ன மருமகள் லைனில் இருக்கிறாள்

1

ஒரு நடிகை வரமாட்டேன் என்று சொன்னதிலிருந்து இந்தக் கதை பிறந்தது. என் மனைவி இறந்ததிலிருந்து பிறந்தது என்றும் தொடங்கிப் பார்த்தேன்:

அவள் போன பிறகு இந்த வீட்டில்

நிறுத்திவிட்டேன். வீட்டில் ஒன்றும் ஆகவில்லை. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. அது முன்பும் ஒழுகியது.

2

நான் தொலைக்காட்சிக்கு வசனம் எழுதுபவன். ஊரே பார்த்து அழுத ஒரு குடும்பத் தொடர், முடிந்து பல வருடம் ஆகிறது. அதே குடும்பத்தை அதே வீட்டில் மறுபடி கூட்டி இப்போது இரண்டு மணி நேரப் படமாக எடுக்கிறார்கள். எல்லோரும் வந்தார்கள். மாமனாராக நடித்தவருக்கு வசனம் நினைவில் நிற்பதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டினால் போதும் என்று சொல்லிவிட்டோம். சின்ன மருமகளாக நடித்தவர் மட்டும் வரவில்லை.

"சாகடிச்சிடலாம்," என்றார் இயக்குநர். "சுவத்துல ஒரு போட்டோ. வேலை முடிஞ்சுது."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார்.

"வெளியூர்ல இருக்கட்டும் சார். போன்ல பேசட்டும்," என்றேன்.

"சரி. உங்க இஷ்டம்."

(என் மனைவிக்கு அந்தத் தொடரில் பிடித்த ஒரே ஆள் சின்ன மருமகள். வீடே கூடி அழும்போது அவள் மட்டும் தட்டு கழுவுவாள். என் காரணம் இவ்வளவுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

3

தொலைபேசிக் காட்சிக்கு எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மறுமுனைக் குரல் படத்தில் கேட்காது. ஆனாலும் அந்தப் பேச்சை அடைப்புக்குறிக்குள் எழுதிவிடுவோம். நடிப்பவர் எவ்வளவு நேரம் சும்மா இருக்க வேண்டும் என்று தெரிவதற்காக. யாருக்கும் கேட்காது என்பதால் அங்கே எதையும் எழுதலாம்.

சின்ன மருமகளின் கணவன் சின்னவன் வீட்டிலிருந்து அவளோடு பேசுகிறான். நான் எழுதியது:

சின்னவன்: சாப்பிட்டியா?
(நீ முதல்ல சாப்பிட்டியா? பொய் சொல்லாத, குரல்லயே பசி தெரியுது.)
சின்னவன்: ம்.
(குழாயைச் சரி பண்ணியா?)
சின்னவன்: நாளைக்கு.
(உன் நாளைக்கு எந்தக் காலண்டர்ல வருதுன்னு சொல்லு, கிழிச்சு ஒட்டி வச்சுக்கறேன்.)
சின்னவன்: உங்க அம்மா வந்திருக்காங்க. தரட்டுமா?
(                )

அங்கே நின்றுவிட்டது. அப்படியே கொடுத்துவிட்டேன்.

4

தட்டச்சு செய்தவர் வேலைக்குப் புதியவர். அடைப்புக்குறிகளை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் வசனமாகவே அடித்துவிட்டார். இயக்குநருக்குப் பிடித்துப்போயிற்று. குரலும் கேட்கட்டும் என்று டப்பிங் கலைஞர் ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டார்.

"கடைசியில ஒரு வரி விட்டுப்போச்சு பாருங்க," என்றார். "காலையில ரெக்கார்டிங். எழுதி அனுப்பிடுங்க."

டப்பிங் கலைஞர் போனில் கேட்டார்: "இவங்க இந்தக் காலண்டர் வரியைக் கோபமா சொல்றாங்களா சார்?"

"கிண்டலா."

"சிரிச்சுக்கிட்டேவா?"

"சிரிக்க மாட்டா. பாத்திரம் கழுவிக்கிட்டே சொல்லுவா."

"அப்ப ரெண்டு தட்டு வச்சுக்கறேன்."

அவர் குரல் என் மனைவியின் குரல் மாதிரி இல்லை. அது நல்லது. [அது நல்லதல்ல. இரண்டையும் விட்டுவைக்கிறேன்.]

5

மனைவியின் அம்மா என்னோடுதான் இருக்கிறார். மகள் போன பிறகு ஊருக்குக் கிளம்புகிறேன் என்று பையைக் கட்டினார். பை கட்டியபடியே அலமாரி மேல் இருக்கிறது. அவளைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. ஆனால் படம் வந்தால் அத்தை பார்ப்பார்.

"சின்ன மருமக வரலையாமே. கொன்னுட்டீங்களா?"

"இல்ல அத்தை. போன்ல பேசறா."

"என்ன பேசறா?"

படித்துக் காட்டினேன். குழாய் வரி வந்ததும் அத்தை எழுந்து சமையலறைக்குப் போனார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"இது அவ பேச்சு."

"ஆமா."

"ஊருக்கெல்லாம் கேக்கட்டும்னு எழுதினீங்களா மாப்பிள்ளை?"

"யாருக்கும் கேக்காதுன்னு எழுதினேன்."

என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"கடைசியில எங்கிட்ட என்ன சொல்றா?"

6

முடிவுகள் இருக்கின்றன. இயக்குநரைக் கூப்பிட்டு அடைப்புக்குறிகளைத் திரும்பப் போடச் சொல்லலாம். யாருக்கும் கேட்காது, அத்தைக்கும்தான். 'அப்புறம் பேசறேன்' என்று எழுதலாம். இந்த மாதிரிப் படங்களில் எல்லோரும் அப்புறம் பேசுகிறார்கள். சுவரில் போட்டோ மாட்டலாம்.

(உன் கால் வலி எப்படிம்மா இருக்கு?) என்று எழுதினேன். அவள் அப்படிக் கேட்கவே மாட்டாள். கோடு போட்டு அடித்தேன்.
(குடு.) என்று எழுதினேன். கொடுத்தால் அடுத்த வரி வேண்டும்.

அத்தை கையை நீட்டினார்.

"குடுங்க மாப்பிள்ளை."

போனை வாங்குகிற மாதிரித்தான் நீட்டினார். என்னிடம் இருந்தது காகிதம். கொடுத்தேன். அதைக் காதில் வைக்கவில்லை, அவ்வளவுக்கு நாங்கள் போகவில்லை. மடியில் வைத்துக்கொண்டார்.

"சொல்லும்மா," என்றார்.

(                )

எவ்வளவு நேரம் என்று நான் எழுதவில்லை. இதைப் படிக்கிற நீங்கள் சும்மா இருக்கும் வரை.