சீமை எலிகளுக்கு வைத்த மஞ்சள்

மாட்டுப் பொங்கலன்று காலை எட்டு மணிக்கு நான் எலிக்கொட்டகையின் கதவைத் தள்ளி, சாக்குத் திரையை விலக்கியபோது, நான்கு சீமை எலிகளும் உடம்பெல்லாம் மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமத்தோடு, ஒரே கூடைக்குள் உட்கார்ந்து பொங்கல் சோறு தின்றுகொண்டிருந்தன. பக்கத்தில் கொட்டகை கூட்டும் ராக்கம்மாள் கழுவிய கூண்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி நின்றாள். கூண்டுகளில் நான் ஒட்டியிருந்த சீட்டுகள் தண்ணீரில் ஊறித் தரையில் கிடந்தன.

"என்னக்கா இது?"

"நல்லநாளும் அதுவுமா ஊருல ஆடு மாடெல்லாம் குளிச்சிருக்கு. இதுக மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு தம்பி? கொம்பு இல்லையேன்னுதான் எனக்கு வருத்தம். இருந்தா காவி அடிச்சு விட்டிருப்பேன்" என்றாள் அவள். சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

நான் அருப்புக்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியின் ஆய்வு அறைக்கு ஒத்தாசை ஆள். கண்ணாடிக் குழாய்களைக் கழுவுவதும், எலிகளை எடை போட்டு நோட்டில் எழுதுவதும் என் வேலை. ஐந்தரை மணிக்கு மேல் மாலை வகுப்பு. வகுப்பு வாத்தியார் தினமும் ஒரு பக்கம் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருந்தார். நான் இரண்டு பக்கம் எழுதினேன். எதையும் எழுதி வைக்காவிட்டால் அது நடந்ததுதானா என்ற சந்தேகம் எனக்கு வந்துவிடும். ஆனால் அந்தப் புதன்கிழமைக்கு, 1947 ஜனவரி பதினைந்துக்கு, என் நாட்குறிப்பில் ஒரே வரிதான் இருக்கிறது. 'விடுமுறை. எலிகளுக்கு எடை போட்டேன்.'

சீமை எலி என்று நாங்கள் சொன்னது வாலில்லாத, முயல் குட்டி அளவுள்ள, சாதுவான பிராணி. மதுரையிலிருந்து பஸ்ஸில் கூடையோடு வந்திறங்கும். உலகச் சண்டை முடிந்தும் அவை கிடைப்பது அரிதாகத்தான் இருந்தது. நோயாளியின் நெஞ்சில் நீர் கோத்திருக்கும். அது சயரோகம்தானா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியில் சில சமயம் தெரியாது. அப்போது டாக்டரம்மா அந்த நீரில் கொஞ்சம் எடுத்து இரண்டு எலிகளின் தொடையில் ஊசி போடுவார். ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். சயரோகமாக இருந்தால் எலியின் தொடை இடுக்கில் கட்டி வரும், மெலியும், சாகும். அறுத்துப் பார்த்தால் மண்ணீரல் முழுக்க ரவையைத் தூவியதுபோல வெள்ளைக் குருணைகள் இருக்கும். மனிதருக்கு வரப்போவதை எலி முன்னாடியே அனுபவித்துக் காட்டிவிடும்.

அந்த டிசம்பரில் இரண்டு பெண்களின் நீரை நான்கு எலிகளுக்குப் போட்டிருந்தோம். ஒருத்தி பரளச்சிக் கிராமத்து அழகுத்தாய். இன்னொருத்தி வீரசோழன் ஊர் ஷம்சாத் பேகம். நான்கும் வெள்ளை எலிகள். அடையாளம் தெரிய, பிக்ரிக் என்ற மஞ்சள் சாயத்தைப் பஞ்சில் தொட்டு, அழகுத்தாயின் இரண்டுக்கும் தலையிலும், ஷம்சாத் பேகத்தின் இரண்டுக்கும் பின்புறத்திலும் நானேதான் தடவினேன். ஒரு கூண்டுக்கு இரண்டாகப் பிரித்து, சீட்டும் ஒட்டினேன். இப்போது தலை, முதுகு, பின்புறம் எல்லாம் ஒரே மஞ்சள். சோப்புப் போட்டுத் தேய்த்தேன். எலிகள் நடுங்கின. மஞ்சள் போகவில்லை.

"எந்தக் கூண்டுல எது இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்காக்கா?"

"எல்லாம் ஒரே மொகமால்ல இருக்கு" என்றாள் ராக்கம்மாள். பிறகு விஷயம் புரிந்து கையெடுத்துக் கும்பிட்டாள். "டாக்டரம்மாட்ட சொல்லிறாதீக தம்பி. இந்த வேலையும் போச்சுன்னா நான் எங்கிட்டுப் போவேன்?"

அவளுக்காகத்தான் சொல்லாமல் இருந்தேன் என்று எழுத எனக்கு ஆசை. உண்மை அதில் பாதி. கொட்டகைச் சாவி என் பொறுப்பு. முந்தின நாள் பொங்கலுக்கு வீட்டுக்குப் போகும் அவசரத்தில் சாவியை அவளிடம் கொடுத்தவன் நான்.

முந்தின சனிக்கிழமை நோட்டில் எழுதியிருந்த எடையை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று தராசை எடுத்தேன். நான்கும் நானூறு கிராமுக்கு ஐந்தாறு முன்னே பின்னே இருந்தவை. இப்போது ஒவ்வொன்றும் வேறு வேறு அளவு சோறு தின்று, ஈரமாக வேறு இருந்தன. நான் கூட்டிக் கழித்தேன். சோற்றுக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று நானே எண்களை வைத்துக்கொண்டேன். கடைசியில் கணக்கு ஓரளவு பொருந்துவது போலிருந்தது. இரண்டை அழகுத்தாய் கூண்டிலும் இரண்டை ஷம்சாத் பேகம் கூண்டிலும் விட்டுப் புதுச் சீட்டு ஒட்டினேன்.

எடை போடுவதற்கு முன் நான்கையும் துணியால் துவட்டினேன். துவட்டும்போது இரண்டின் தொடை இடுக்கில் என் விரலுக்குப் பட்டாணி போல ஏதோ தட்டுப்பட்டது. பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை, பட்டது. அந்த இரண்டும் ஷம்சாத் பேகத்தின் கூண்டுக்குப் போயின. கணக்கு அப்படி வந்தது என்றுதான் அன்று நம்பினேன்.

அழகுத்தாயை எனக்குத் தெரியும். பெண்கள் வார்டின் பின்வாசல் கொட்டகையைப் பார்த்துத்தான் இருந்தது. தினமும் சாயங்காலம் படியில் உட்கார்ந்து, நான் எலிகளுக்குப் புல் வைப்பதைப் பார்ப்பாள். இருபத்திரண்டு வயசு இருக்கும்.

"எலிக்காரத் தம்பி, என்னோட எலி ஆணா பொண்ணா?"

"ரெண்டும் பொண்ணுதான்."

"அதுக்கு மாமியா உண்டா?"

"இல்ல."

"அப்பன்னா பொழச்சுக்கிரும்" என்று சொல்லி இருமும்வரை சிரிப்பாள்.

அவளுக்கு எட்டு மாதப் பெண் குழந்தை. முடிவு தெரிகிறவரை பால் கொடுக்கக் கூடாது, கிட்டவே விடக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். குழந்தையை நாத்தனார் வைத்திருந்தாள். கணவன் கருத்தப்பாண்டி வாரம் ஒருமுறை அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, வேலிக்கு வெளியே நின்று காட்டுவான். ஆட்டுப்பால் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வாரமும் கழுத்து மெலிந்துகொண்டே வந்தது. அவள் மார்பில் கட்டிய பாலைப் பீய்ச்சிக் கொட்டுவாள். வற்றிவிட்டால் அப்புறம் வராது என்று, விடாமல் நாளுக்கு நான்கு முறை. "டாக்டரம்மா, எம் பொண்டாட்டி இருமுறதுக்கு எலிக்கு ஊசி போட்டீக. எலி இருமுனா யாருக்குப் போடுவீக?" என்று கருத்தப்பாண்டி ஒருநாள் கேட்டான். வார்டே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

ஷம்சாத் பேகம் ஒருநாளும் படிக்கு வந்ததில்லை. வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். அவள் கணவர் சின்ன மீரான் வீரசோழனிலிருந்து பஸ்ஸில் வந்து, ஆய்வு அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, "எதுவும் தெரிஞ்சுச்சா தம்பி?" என்று மட்டும் கேட்பார். இல்லை என்றால் தலையசைத்துவிட்டுப் போவார். மூன்று பிள்ளைகள் என்று நோட்டில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஜனவரி இருபத்திநான்காம் தேதி ஷம்சாத் பேகம் கூண்டில் ஒரு எலி செத்துக் கிடந்தது. இன்னொன்றை டாக்டரம்மா நான்கு நாள் கழித்து மயக்க மருந்து வைத்துக் கொன்று அறுத்தார். இரண்டிலும் மண்ணீரல் வீங்கி, குருணை குருணையாக இருந்தது. அழகுத்தாய் கூண்டில் ஒன்றை அறுத்தார். உள்ளே எல்லாம் சுத்தமாக, ஈரமாக, பளபளவென்று இருந்தது. "இன்னொண்ணு ரெண்டு வாரம் இருக்கட்டும், பாப்போம்" என்றார். எலியின் மேலிருந்த மங்கிய மஞ்சளைப் பார்த்து, "என்ன ஜான்ராஜ், சாயம் ஜாஸ்தியா இருக்கே?" என்று கேட்டார். பொங்கலுக்கு ராக்கம்மாள் மஞ்சள் வைத்துவிட்டாள் என்றேன். டாக்டரம்மா சிரித்தார். "சீட்டெல்லாம் சரியா இருக்குல்ல?" என்றார். சரியாக இருக்கிறது என்றேன்.

இனி பால் கொடுக்கலாம் என்று டாக்டரம்மா சொல்ல, இருபத்தொன்பதாம் தேதி அழகுத்தாய் வீட்டுக்குப் போனாள். வேலியைத் தாண்டிய இடத்திலேயே, சாலையோரத்தில் குந்தி, குழந்தையைச் சேலைக்குள் வாங்கிக்கொண்டாள். கருத்தப்பாண்டி வெயில் படாமல் துண்டை விரித்துப் பிடித்து நின்றான். இரண்டு நாள் கழித்து ஷம்சாத் பேகத்தை, மதுரைக்கு அப்பால் வெகுதொலைவில் இருந்த சயரோக ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அவள் பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்தார்கள். ஆனால் வண்டியிலிருந்து இறக்கவில்லை. கடைசிப் பிள்ளை துப்பட்டியைப் பார்த்து அதுதான் உம்மா என்று தெரியாமல் வேறு பக்கம் கை காட்டிக்கொண்டிருந்தது.

பிப்ரவரி பத்தாம் தேதி கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்தது. மிச்சமிருந்த ஒற்றை எலியைக் கம்பிக் கூண்டோடு வெளியே வெயிலில் வைத்தோம். பகல் முழுக்க வெளியே, பொழுது சாய்ந்ததும் உள்ளே. நான்காம் நாள் காலையில் அதற்குப் புல் வைக்கப் போனேன். எலியின் தலை வெள்ளையாக இருந்தது. முதுகு வெள்ளையாக இருந்தது. பின்புறத்தில் மட்டும், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு, என் பஞ்சு பட்ட இடத்தில், மஞ்சள் அப்படியே இருந்தது.

ராக்கம்மாள் விளக்குமாற்றோடு பின்னால் வந்து நின்றாள். "வெயில்ல வச்சா மஞ்சக்கறை போயிரும்ல தம்பி. சீலையில பட்டா நாங்க அப்படித்தான எடுப்போம்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லக்கா?"

"நீங்க கேக்கவே இல்லையே. தராசத் தூக்கிட்டுப் போயிட்டீக."

கூண்டுச் சீட்டில் என் கையெழுத்தில் 'அழகுத்தாய்' என்று இருந்தது. உள்ளே இருந்தது ஷம்சாத் பேகத்தின் எலி. கொழுத்து, வெள்ளை எலிக்கே உரிய சிவப்புக் கண்ணோடு, ஆரோக்கியமாக இருந்தது. அது புல்லைக் கடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயம் வெயிலில் எப்படி நடந்துகொள்ளும் என்று நிச்சயமாகத் தெரியுமா, ஒருவேளை தலையில் இருந்த சாயம் போய், பின்னால் மஞ்சள் தங்கியிருக்கலாமோ என்றுகூட யோசித்தேன். ஒரு பக்கம் பழைய பஞ்சின் சாயமும் மறுபக்கம் ராக்கம்மாளின் மஞ்சளும் தடவிய துணித்துண்டு ஒன்றை நாள் முழுக்க வெயிலில் போட்டுப் பார்த்தேன். சாயங்காலத்துக்குள் மஞ்சள் வெளுக்க ஆரம்பித்துவிட்டது. சாயம் அசையவில்லை. அந்த ஒரு நாளும் அழகுத்தாய் குழந்தைக்குப் பால் கொடுத்திருப்பாள்.

அன்று வகுப்புக்குப் போகவில்லை. டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டாணி தட்டுப்பட்டதையும் சொன்னேன். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். சொல்லி முடித்த பிறகும் கழுவிக்கொண்டே இருந்தார்.

"வேணும்னு செஞ்சியா?"

"தெரியலம்மா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "அந்த வீரசோழன் பொண்ணு தெனமும் சயரோகக்காரங்க நடுவுல படுத்திருக்கு. பதினாலு நாளு" என்றார். மேசையில் உட்கார்ந்து இரண்டு கடிதம் எழுதினார். ஒன்று சயரோக ஆஸ்பத்திரிக்குத் தந்தியாகவும் போகும் என்றார். இன்னொன்றை என்னிடம் நீட்டினார். "பரளச்சிக்கு நாளைக்கு மொத பஸ்ஸுல போ. கருத்தப்பாண்டிக்குப் படிக்கத் தெரியாது. நீதான் வாசிச்சுக் காட்டணும். ரெண்டு பேரையும் கூட்டிட்டு வா. பிள்ளையையும்." வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து ஓடும் பஸ் இரண்டு இடத்தில் நின்று புகை ஊதிப் பதினொரு மணிக்குத்தான் சேர்ந்தது. இருபுறமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. மழை பொய்த்த வருஷம். பருத்திச் செடிகள் முழங்காலுக்கு மேல் வளராமல், இங்கொன்றும் அங்கொன்றுமாக வெடித்திருந்தன. பஸ்ஸில் உட்கார்ந்து என்ன சொல்ல வேண்டும் என்பதை வரிசையாக மனதுக்குள் அடுக்கினேன். முதலில் குழந்தையைப் பிரிக்கச் சொல்ல வேண்டும். பிறகு காரணம். அதன் பிறகு மன்னிப்பு. இறங்கும்போது அந்த வரிசை சரிதானா என்று சந்தேகம் வந்துவிட்டது.

வீட்டைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஊர் எல்லையிலேயே, வீட்டு வாசலுக்கு எதிரே உடைமர நிழலில் உட்கார்ந்து, அழகுத்தாய் பருத்திக்காயிலிருந்து பஞ்சுச் சுளை எடுத்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை. தலை குளித்து ஈர முடியை விரித்துப் போட்டு, முகத்திலும் கழுத்திலும் மஞ்சள் பூசியிருந்தாள். சேலைக்குள் குழந்தை. சிறிய கால் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டு ஆடியது. கழுத்து கொஞ்சம் தேறியிருந்தது.

"அடியாத்தீ, எலிக்காரத் தம்பி!" என்றாள். வீட்டுப் பக்கம் திரும்பி, "ஏங்க, ஆஸ்பத்திரித் தம்பி வந்திருக்காக. மோரு கொண்டாங்க" என்று கூவினாள். கூவியதில் இருமல் வந்தது. முகத்தைத் திருப்பித் தோளில் இருமிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பஞ்சுத் தூசி. ஒக்காருங்க. என்னோட எலி நல்லாருக்கா?"

சட்டைப் பையில் கடிதம் வியர்வையில் நனைந்திருந்தது.

"அக்கா, பிள்ளையக் கொஞ்சம் கீழ விடுங்க" என்றேன்.

"இப்பத்தான வாய் வச்சிருக்கா. குடிச்சு முடிக்கட்டும். உங்களுக்குத் தெரியாதா, ஒன்றரை மாசக் கடன் தீக்குறா" என்று சிரித்தாள்.

"இல்லக்கா. இப்பவே."

அவள் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. கையிலிருந்த பருத்திக்காய் பாதி உரித்தபடி நின்றது. கருத்தப்பாண்டி செம்போடு வாசலில் தலை குனிந்து வெளியே வந்துகொண்டிருந்தான். சேலைக்குள்ளிருந்து குழந்தையின் கை எழுந்து அவள் கழுத்தைப் பிசைந்து இறங்கியது. உடைமர இலைகளுக்கு இடையே விழுந்த வெயிலில் அதன் ஐந்து விரலும் மஞ்சளாக இருந்தன. அது விழுங்குகிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.